கழுவாத கொழுப்பு

அவள் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். டீ கிளாஸ், பஸ் ஜன்னல் கம்பி, பூக்காரியின் கைப்பிள்ளை எல்லாவற்றுக்கும் புறங்கைதான். தொட்டுவிட்டு, "சூடு இருக்கு", "சூடு போயிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போயிருக்கும், அதை நம்பக்கூடாது, புறங்கைதான் நிஜம் சொல்லும் என்பது அவள் கணக்கு. அந்தப் புறங்கையை நான் ஆறு வாரம் ஏமாற்றினேன். வேண்டுமென்று செய்யவில்லை.

கோவில்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கறிக்கடை. ஆட்டை உரித்து வெட்டுவது என் வீட்டுக்காரர். குடல், தலை, கால் சுத்தம் பண்ணுவது நான். கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு சாய்வான கல். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவள் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் அந்தக் கல்லுக்கு முன்னால்தான்.

அவள் முதல்முதலாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல கூட்டம். கையில் தெர்மாகோல் பெட்டி, தோளில் பை. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும்.

"அண்ணாச்சி, எனக்குக் கறி வேண்டாம். இப்ப உரிச்ச ஆட்டுல கொழுப்பு மட்டும் வேணும். குடலை மூடி வலை மாதிரி கிடக்கும்லா, அதுல கொஞ்சம். தோலுக்கு அடியில இருக்கதுல கொஞ்சம்."

என் வீட்டுக்காரருக்குக் கூட்டத்தைக் கண்டால் வாய் நிற்காது. "கொழுப்புக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்க வீட்டுலயே குவிஞ்சு கிடக்கே. அங்கன உக்காந்திருக்கு பாருங்க" என்று கத்தியால் என்னைக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். நான் ஆட்டுரல். இந்தச் சிரிப்பு எனக்குப் பழகியதுதான்.

அவள் சிரிக்கவில்லை. "அக்கா கொழுப்பு கிடைச்சா நான் எதுக்கு ஆட்டைத் தேடி வாரேன்? அதுக்கு அவிய கையெழுத்துப் போடணும், டாக்டர் ஊசி வச்சு எடுக்கணும், பெரியவங்க நாலு பேரு கூடிப் பேசிச் சரின்னு சொல்லணும். அவ்வளவு மதிப்பான சாமான் அது. உங்ககிட்ட எடுக்கணும்னா டார்ச் அடிச்சுல்ல தேடணும் அண்ணாச்சி!"

கூட்டம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு மட்டும் அதில் 'ஊசி' என்ற சொல்தான் முதலில் காதில் விழுந்தது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள் நான். கேஸை அணைத்தேனா என்று கடைத்தெரு வரை வந்துவிட்டுத் திரும்ப வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்தால் கதவைப் பூட்டினேனா என்று இருக்கும்.

அன்றைக்கு அவரே கொழுப்பை அறுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் புறங்கையை வைத்து, "சூடு இருக்கு" என்றாள். மூடி போட்ட சின்னக் குழாய்களில் போட்டு, ஐஸுக்குள் புதைத்து, ஓடிப்போய்த் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினாள். அவள் போன பிறகும் எனக்குக் கண் கலங்கியபடியே இருந்தது. இத்தனை வருஷத்தில் என் உடம்புக்காக ஒரு வார்த்தை பேசிய ஆள் அவள்தான். இந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் நாம்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும், அதுவும் நம் கையால் நல்லபடியாகக் கொடுக்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

நாகலாபுரத்துப் பிள்ளை. மழையை நம்பி விதைக்கிற வீடு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. சனிக்கிழமை ஊருக்குப் போய், ஞாயிறு காலை கோவில்பட்டியில் பஸ் மாறும்போது எங்களிடம் வருவாள். கடைத்தெருவில் எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டோம். "நான் இன்னும் படிக்கிற பிள்ளைதான்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கொழுப்பில் என்னதான் தேடுகிறாள் என்று ஒருநாள் கேட்டேன். குடல் கழுவிக்கொண்டிருந்த என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"பருத்தி மூட்டை அடுக்கி வைக்க கிட்டங்கி பாத்திருக்கீங்கள்லாக்கா? அதான் கொழுப்பு. சும்மா கிடக்க கட்டி இல்ல. உள்ள ராத்திரி பகலா வேலை நடக்கு. மூட்டையை உள்ள கொண்டுபோய் அடுக்க ஒரு கூட்டம், வெளிய எடுத்துக் குடுக்க ஒரு கூட்டம். அந்த வேலையாளுகதான் நொதி, என்சைம்ங்கது. நாம சாப்பிட்ட உடனே இன்சுலின்னு ஒரு மேஸ்திரி வருவாரு. 'உள்ள ஏத்துங்கலே, வெளிய எடுக்கத நிறுத்துங்கலே'ன்னு சத்தம் போடுவாரு."

"சரி."

"கிட்டங்கி நெறஞ்சு பிதுங்குதுன்னு வைங்க. மேஸ்திரி சத்தம் யாரு காதுலயும் ஏறாது. மூட்டை தெருவுக்கு வந்துரும். ஈரல்ல போய் கிடக்கும், சதையில போய் கிடக்கும். வழியெல்லாம் மூட்டையாக் கிடந்தா சீனி ஏத்தின வண்டி எப்படி வீட்டுக்குள்ள போவும்? ரத்தத்துலயே நிக்கும். அதான் சுகர்."

"அப்ப என்னை மாதிரி ஆளுக்குக் கட்டாயம் வந்துரும்."

"யாரு சொன்னா? சிலவியளுக்குக் கிட்டங்கி பெருசு. எம்புட்டு வந்தாலும் உள்ள வச்சுப் பூட்டிக்கிடும். சிலவியளுக்குக் கிட்டங்கியே சின்னது, ஆளைப் பாத்தா ஒல்லியா இருப்பாவ, கொஞ்சம் கூடினாலும் தெருவுக்கு வந்துரும். உங்களுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனா அண்ணாச்சிதான் கொஞ்சம் பாத்துக்கிடணும்."

கத்தி தீட்டிக்கொண்டிருந்த அவர் கெக்கெக்கே என்று சிரித்தார். "எனக்கா? என் உடம்புல கிட்டங்கியும் கிடையாது, பொட்டிக்கடையும் கிடையாது டீச்சர்!"

அன்றைக்குத்தான் என் அக்காவைப் பற்றி அவளிடம் சொன்னேன். அக்காவுக்குச் சீனி. காலில் ஒரு விரலை எடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நின்று ஒன்றையேதான் சொன்னார்கள்: "வாயைக் கட்டல." அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் ரத்தம் கொடுத்துப் பார்த்ததே இல்லை. ஊசிக்குப் பயம் பாதி. அந்தக் கட்டிலுக்குப் பயம் மீதி.

அவள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "யாருன்னு கேக்காதீங்கக்கா. எந்த இடத்துலன்னு கேளுங்க."

அவள் வாயில் அதைத்தான் அடிக்கடி கேட்கலாம். அவள் அப்பாவிடமிருந்து வந்ததாம். விதை முளைக்காமல் போனால் அவர் விதைத்த பொம்பளையைத் திட்டமாட்டாராம். உழவுச் சால் வழியே நடந்து போய், எந்த இடத்தில் முளை நின்றுபோனது என்று குனிந்து பார்ப்பாராம். எறும்பா, ஆழமா, ஈரம் பற்றவில்லையா என்பது அங்கே மண்ணில் எழுதியிருக்கும் என்பாள்.

சும்மா சொல்வதில்லை, அப்படியே நடப்பாள். ஒருமுறை அவள் ஐஸ் பெட்டி எங்கள் கடையில் ஒழுகி, கறி வாங்க வந்த பெரியவர் வேட்டி நனைந்துவிட்டது. "எந்தப் பயலே இதைக் கத்தி மேல வச்சது?" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். எனக்கு உடனே, நான்தான் வைத்தேனோ என்று பயம் வந்துவிட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைக் கண்டுபிடித்தாள். கடைக்குப் பின்னால் போய் ஈரக் கரிசல் மண் ஒரு உருண்டை எடுத்து வந்து அப்பினாள். "தண்ணி பட பட இது ஊதும். இறுக்கமா அடைச்சுக்கிடும்" என்றாள். வேட்டிக்காரரே, "சரிதான் போ, கொழுப்பு கெட்டுப் போவாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவள் ஐப்பசி முடிகிறபோது பேச்சைக் குறைத்தாள்.

"முதல் வாரம் எடுத்தது நல்லா வேலை செஞ்சுதுக்கா. கொழுப்பை அரைச்சு, கூட எண்ணெய் சேத்து, உடம்புச் சூட்டுல வச்சா, நொதி அதை உடைக்கணும். உடைச்சா நிறம் மாறும். மாறிச்சு. ரெண்டாவது வாரத்துல இருந்து ஒண்ணும் நடக்கல. செத்துக் கிடக்கு."

"அதுனால என்ன டீச்சர்?"

"தை பொறக்கதுக்குள்ள காட்டலைன்னா தலைப்பை மாத்துன்னு கைடு அம்மா சொல்லிட்டாவ. ரெண்டு வருஷம் படிச்சது அப்படியே போயிரும்."

அவள் சொல்லிவிட்டு ஐஸை அள்ளிப் போட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவள் ஒவ்வொரு இடமாக மாற்றிப் பார்த்தாள். வேறு கடை ஐஸ். முந்தின பஸ். புதுக் குழாய்கள். கத்தியில் ஏதாவது இருக்குமோ என்று அவளே பிளேடு கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரரும் இறங்கிவிட்டார். "ஆட்டை மாத்துவோம் டீச்சர். கயத்தாத்து ஆட்டுக்குக் கொஞ்சம் திமிரு உண்டு. ஓட்டப்பிடாரத்துப் பக்கத்து ஆடு பிடிச்சாரேன்" என்று மெனக்கெட்டுப் போய்ப் பிடித்து வந்தார். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை.

என் கண்தான் பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் மிளகாயும் உப்பும் எடுத்து அவள் ஐஸ் பெட்டிக்குச் சுற்றிப் போட்டேன். அது போக, கொழுப்பை முன்னைவிடக் கவனமாகச் சுத்தம் செய்தேன். என்னால் முடிந்தது அதுதானே.

மார்கழி பிறந்து முதல் ஞாயிறு, விடிந்ததும் வந்துவிட்டாள். கையில் நோட்டு.

"இன்னைக்கு ஆடு உரிக்கதுல இருந்து பஸ் ஏறுத வரைக்கும் ஒவ்வொரு இடமா நின்னு பாக்கப்போறேன். என்னைக் கண்டுக்கிடாதீங்க. எப்பவும் போல செய்யுங்க."

என் வீட்டுக்காரர் உரித்தார். அவள் மணி பார்த்து எழுதினாள். வலைக்கொழுப்பைத் தனியே எடுத்து எனக்குத் தள்ளினார். அவள் பின்னாலேயே வந்து என் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். இத்தனை நாளும் கொழுப்பு எடுக்கிற நேரத்தில் அவள் முன்பக்கம் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் வேலையை அவள் நின்று பார்க்கப்போகிறாள் என்றதும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கென்று தனியாக வைத்திருந்த எவர்சில்வர் போணியை எடுத்தேன். அடுப்பிலிருந்து வெந்நீர் ஊற்றினேன், பச்சைத் தண்ணீர் விளாவினேன். கல்லுப்பு இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினேன்.

"அக்கா, நில்லுங்க."

விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"இது எதுக்கு?"

"கவிச்சி போவாண்டாமா? படிச்ச பிள்ளை கையில அழுக்கோட குடுக்கவா?"

"வெந்நி?"

"உங்களுக்குச் சூடு இருந்தாத்தானே பிடிக்கும்."

"எல்லா வாரமுமா?"

"முதல் வாரம் இவிய அப்படியே அறுத்துக் குடுத்துட்டாவ. அடுத்த வாரத்துல இருந்து நான்தான். மத்தவியளுக்கு ஒரு தரம் கழுவுவேன். உங்களுக்கு மூணு தண்ணி."

அவள் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. படிப்பு வேண்டாம், கணக்கு வேண்டாம், அந்த முகத்தைப் பார்த்தாலே போதும். என் அக்காவின் கட்டில் கண் முன்னால் வந்தது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கத்தியோடு வந்தார். "என்ன டீச்சர், இவதானா? இவதான் கெடுத்தாளா? ஏட்டி, உன்கிட்ட யாரு கழுவச் சொன்னா?"

"அண்ணாச்சி!" என்று ஒரு கத்து கத்தினாள். "இடம் கிடைச்சிருச்சு! இடம் கிடைச்சிருச்சு அண்ணாச்சி!"

முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் அந்த ஈரத் தரையில் குதித்துக்கொண்டிருந்தாள். குடல் நாற்றத்தோடு இருந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உப்பைக் கண்டா அந்த நொதி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துரும்க்கா. அது எங்க புஸ்தகத்துல முதல் பாடம். நான் ஐஸைத் தேடுதேன், பஸ்ஸைத் தேடுதேன். இந்தக் கை சூடு இருக்குன்னு சொல்லிச்சுல்லா, அதை நம்பிட்டேன். வெந்நிச் சூட்டுக்கும் ஆட்டுச் சூட்டுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியல பாருங்க!" என்று தன் புறங்கையில் தானே ஒரு அடி வைத்தாள்.

"ஆறு வாரம் என்னாலதான..."

"யாருன்னு கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லா." பிறகு ஏதோ நினைத்தவள் போல நின்றாள். "அக்கா, இன்னைக்குப் பாதியைக் கழுவாம தாங்க. மீதியை எப்பவும் போல கழுவித் தாங்க. மூணு தண்ணி. ஒண்ணும் குறைக்காதீங்க."

"கழுவினது எதுக்கு?"

"சொல்லுதேன். முதல்ல கழுவுங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் கழுவியதில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "உப்பு போதுமா டீச்சர், இன்னும் ஒரு கை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் புதன்கிழமையே அவள் வந்தாள். பெட்டி இல்லை. கையில் ஒரு பொட்டலம் காரச்சேவு. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வருகிற வேகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"கழுவாதது நிறம் மாறிட்டுது! உங்க உப்புல கழுவினது அப்படியே நிக்கி!"

"நல்லதா அது?"

"நல்லதாவா? உப்புக்கு அடங்குதவன்தான் நான் தேடுத ஆளு. மூட்டையை வாசல்ல பிரிச்சு உள்ள ஏத்துதவன். வெளிய எடுக்குதவன் உப்புக்கு அடங்க மாட்டான். நான் அளந்தது அவன்தான்னு அடையாளம் காட்டினது உங்க கல்லுப்பு. கைடு அம்மா, 'இந்தக் கழுவின கணக்கையும் சேத்து எழுது'ன்னு சொல்லிட்டாவ. தலைப்பை மாத்தாண்டாம்."

காரச்சேவைப் பிரித்துக் கடைத்தெரு முழுக்கக் கொடுத்தாள். பூக்காரி, "எதுக்கு டீச்சர், கல்யாணமா?" என்று கேட்டாள். "இல்ல, கொழுப்பு வேலை செய்யுது" என்றாள். பூக்காரி ஒன்றும் புரியாமலேயே இரண்டாவது கை வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "என் இடம் தெரிஞ்சாச்சு. உங்க இடத்தையும் பாத்துருவோமாக்கா? யாரையும் திட்டதுக்கு இல்ல. எங்கன நிக்கோம்னு தெரிஞ்சுக்கிட."

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு ரத்தம் பார்க்கிற லேபுக்கு வரச் சொன்னாள். திருநெல்வேலியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அவளும் வந்துவிட்டாள். நான் ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று கேட்டு என் வீட்டுக்காரர், "நானும் வாரேன். இவ மயங்கி விழுந்தா தூக்குததுக்கு நாலு ஆளுல்லா வேணும்" என்று கிளம்பினார். "அப்ப நீங்களும் குடுங்க அண்ணாச்சி, வந்தது வந்தாச்சு" என்றாள். அவரும் அதுவரை டீகூடக் குடிக்கவில்லை, சந்தைக் கிடாவைக் காட்டுகிற மாதிரிக் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது அவள் என் கண்ணைப் பொத்திக்கொண்டாள். புறங்கையால்தான். முடிந்துவிட்டது என்று சொன்னபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. இவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் ஓடிவிட்டாள்.

அவள் படிப்பை முடித்து வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. எப்போதாவது போனில் கூப்பிடுவாள். அங்கே குளிரில் புறங்கை மரத்துப்போகிறதாம், அதனால் இப்போது கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாளாம். நான் இன்னும் கேஸைத் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள்தான். ஆனால் பயம் வந்தால், எந்த இடத்தில் என்று அதையும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். சில சமயம் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அது போய்விடுகிறது.

ரத்தம் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் ரிசல்ட் சீட்டு வாங்க நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அந்த லேப் பெண் முதலில் என்னுடையதைப் பார்த்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது, கவனமாக இருந்துகொள்ளுங்கள் என்றாள். பிறகு அவருடையதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சீட்டில் பேரைத் திரும்பவும் படித்தாள். "சாருக்குத்தான் சுகர் இருக்கு. டாக்டரைப் பாத்துருங்க" என்றாள்.

"எனக்கா? ஏம்மா, சீட்டு மாறியிருக்கும். இந்தா நிக்காளே, இவளைப் பாரு, என்னைப் பாரு!"

சீட்டு மாறவில்லை. சரிபார்த்துக் காட்டினாள்.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக என்னைப் பார்த்து அவர் சொன்னதெல்லாம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மாதிரி என் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். ஒன்றை மட்டும் விட்டேன்: "முருங்கைக்காய்க்குள்ளயும் ஒரு கிட்டங்கி இருந்திருக்கு பாத்தீங்களா."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நான் என்னட்டி தப்பு செஞ்சேன்?" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"யாருன்னு கேக்காண்டாம்" என்றேன்.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு நிமிர்ந்து, "சரி, எந்த இடத்துல?" என்றார்.

"தெரியாது. நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்."

அவர் கை பெஞ்சில் கிடந்தது. என் உள்ளங்கை உப்பும் வெந்நீரும் பட்டுக் காய்த்துப்போனது, அதை நம்பக்கூடாது. புறங்கையைத் திருப்பி அவர் கை மேல் வைத்துப் பார்த்தேன்.

சூடு இருந்தது.